மார்மன் வீட்டுப் பையன் இன்னொரு பையனைக் காதலித்தால்

அமெரிக்காவில் தோன்றிய மார்மன் கிறிஸ்தவச் சபையின் ஆலயங்களில் கல்யாணத்துக்கென்றே சிறு அறைகள் உண்டு. நடுவில் மெத்தை தைத்த பீடம். அதன் இரு பக்கமும் மணமகனும் மணமகளும் முழங்காலிட்டு, பீடத்தின் மேலாகக் கைகோத்திருப்பார்கள். எதிரெதிர்ச் சுவர்களில் பெரிய நிலைக்கண்ணாடிகள். ஒன்றைப் பார்த்தால் அதற்குள் எதிர்க் கண்ணாடி தெரியும், அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். சடங்கு முடிந்ததும் அந்தக் கண்ணாடியைப் பாருங்கள் என்று தம்பதியிடம் சொல்வது வழக்கம். சாகும்வரை சேர்ந்து வாழ்வோம் என்ற உறுதிமொழி இங்கே கிடையாது. இம்மைக்கும் நித்தியத்துக்கும் சேர்த்துத்தான் அவர்கள் 'முத்திரிக்கப்படுகிறார்கள்'. சபையின் தமிழ் நூல்களிலும் இதே சொல்தான் இருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் இந்தச் சபைக்கு உறுப்பினர்கள் உண்டு, பெங்களூரில் ஆலயம் கட்டப்போவதாக 2018-ல் அறிவித்தார்கள்.

மார்மன் குடும்பத்தில் பிறந்து, தன் மனம் ஆண்களிடமே போகிறது என்று உணரும் ஒரு பையனின் சிக்கல் முழுக்க இந்தக் கண்ணாடி அறைக்குள்தான் இருக்கிறது. "எல்லாக் கட்டுப்பாடான மதத்திலும் இதே கதைதானே" என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பாவம், தண்டனை, விலக்கிவைப்பு என்ற அளவில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் மார்மன் மதம் தன் பிள்ளைகளிடம் காதலைப் பற்றிச் சொல்வது வேறு. கல்யாணம் செய்து குடும்பமாவதுதான் மோட்சம் என்று சொல்லி வளர்க்கிறது. ஒருவனை ஆசையாசையாகக் கணவனாக வளர்த்துவிட்டு, கடைசியில் அவனால் முடிந்த ஒரே விதமான காதல் செல்லாது என்கிறது. இந்த வலி வேறு வகையானது.

அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப் பெயர். ஜோசப் ஸ்மித் 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கினார். 1844-ல் இல்லினாய்ஸில் ஒரு கும்பல் அவரைச் சிறைக்குள்ளேயே கொன்றது. பிரிகாம் யங் தலைமையில் மக்கள் மேற்கே நடந்து, 1847-ல் இன்றைய யூட்டாவில் குடியேறினார்கள். இன்று உலகெங்கும் சபைக் கணக்கில் 1.7 கோடிக்கும் மேல் உறுப்பினர்கள். தலைவரைத் தீர்க்கதரிசி என்றே நம்புகிறார்கள். கடவுள் இன்றும் அவரோடு பேசுகிறார், வெளிப்படுத்தல் நின்றுபோகவில்லை என்பது அடிப்படைக் கோட்பாடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மார்மன் போதனையில் நரக பயம் பெரிதல்ல. ஏறக்குறைய எல்லோருக்கும் ஏதாவது ஒரு மகிமை கிடைத்துவிடும். மூன்று மகிமை உலகங்கள் உண்டு. அவற்றில் உயர்ந்ததற்குள்ளும் மூன்று நிலைகள். அந்த உச்சி நிலைக்குள் நுழைய ஆலயத்தில் முத்திரிக்கப்பட்ட திருமணம் வேண்டும். அங்கேதான் கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர், தாத்தா பாட்டி எல்லோரும் ஒரே குடும்பமாக என்றென்றும் இருப்பார்கள். தனியாகப் போகிறவருக்குச் சொர்க்கத்தில் இடம் உண்டு, அந்த வீட்டில் இல்லை. ஆகவே "அம்மா, நான் கே" என்று மகன் சொன்னதும் ஒரு மார்மன் அம்மாவின் மனக்கண்ணில் எழுவது நரகத்துத் தீயல்ல. நித்தியச் சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதுதான். அவள் அழுவது வெறுப்பினால் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பிள்ளையை இழந்த துக்கம். அந்தத் துக்கம்தான் பிள்ளையை நொறுக்குகிறது, ஏனென்றால் தன் அம்மாவின் சொர்க்கத்தைக் கெடுத்தவன் தான்தான் என்று அவனும் அதே போதனையின்படி நம்புகிறான்.

இந்தக் கனவு மூன்று நான்கு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. குழந்தைகள் வகுப்பில் ஆலயத்தைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் பாட்டு. திங்கட்கிழமை மாலை குடும்பத்துக்கென்று ஒதுக்கப்பட்ட நேரம். எட்டு வயதில் வெள்ளை உடையில் ஞானஸ்நானம். பன்னிரண்டு வயதை ஒட்டி ஆசாரியத்துவம், அதாவது சடங்குகள் செய்யும் அதிகாரம். பிஷப் அவ்வப்போது கூப்பிட்டுப் பேசுவார். அவர் முழுநேரப் பாதிரியார் அல்ல, வார நாளில் பல் டாக்டராகவோ கணக்காளராகவோ இருக்கும் பக்கத்துத் தெருக்காரர்தான். அவரிடம்தான் ஒழுக்கத்தைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதானால் மதத்தைப் பரப்ப இரண்டு வருடம் ஊழியம். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை. உடன் ஊழியக்காரர் ஒருவர் எப்போதும் கூடவே இருப்பார்: ஒரே அறை, ஒரே தெரு, ஒரே ஜெபம்.

இப்படி வளர்ந்தவர்கள் பலர் சொன்னதில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. ஊழியத்துக்குப் போகும் முன் கடவுளோடு அவர்கள் செய்துகொண்ட பேரம். "இரண்டு வருடம் ஒரு விதியைக்கூட மீறாமல் உழைக்கிறேன், இதை என்னிடமிருந்து எடுத்துவிடு." சொன்னபடி உழைக்கிறார்கள். விடிகாலை எழுந்து, கதவு கதவாகத் தட்டி, கேலியைத் தாங்கி. திரும்பி வரும்போது விமான நிலையத்தில் குடும்பம் பலூனோடு நிற்கிறது. எடுக்கச் சொன்னது அப்படியே இருக்கிறது. அப்புறம் வருவதுதான் கொடுமையான வருடம். ஊழியம் முடித்தவனுக்கு அடுத்த கட்டம் கல்யாணம் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள்.

சரி, கல்யாணம் வேண்டாம், தனியாகவே இருந்துவிடலாமே? சபை இன்று கேட்பதும் அதைத்தான். ஈர்ப்பு பாவமல்ல, அதன்படி நடப்பதுதான் பாவம் என்பது இன்றைய நிலைப்பாடு. பிரம்மச்சரியம் காக்கும் தன்பாலீர்ப்பாளர் சபையில் பொறுப்பு வகிக்கலாம், ஆலயத்துக்கும் போகலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கத்தோலிக்கருக்குத் துறவிகளும் கன்னியாஸ்திரீகளும் உண்டு. தனிமையைக் கடவுளுக்குக் கொடுத்தவர் என்று ஒருவரைக் கௌரவிக்க அங்கே ஓர் இடம் இருக்கிறது. மார்மன் சபையில் அப்படி ஓர் இடமே கிடையாது. மடம் இல்லை, துறவு இல்லை. தீர்க்கதரிசியிலிருந்து பிஷப்வரை எல்லோரும் குடும்பஸ்தர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெஞ்சு பெஞ்சாகக் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில், நாற்பது வயதில் தனியாக வந்து உட்காருகிறவர் தியாகியாகத் தெரிவதில்லை, பாவம் யாருமில்லாதவர் என்றே தெரிகிறார். தனிமைக்கு மதிப்புத் தராத மதம் ஆயுள் முழுக்கத் தனியாக இரு என்கிறது. எனக்கு மிகவும் கனமாகத் தோன்றுவது இந்த முரண்தான்.

முன்பெல்லாம் தனியாக இருக்கவும் விடவில்லை. மனம் வைத்தால் விட்டுவிடலாம், குணப்படுத்தலாம் என்றுதான் தலைவர்கள் சொன்னார்கள். 1969-ல், சபையின் உயர் தலைவர்களான பன்னிரு அப்போஸ்தலர்களில் ஒருவரான ஸ்பென்சர் கிம்பல் பாவமன்னிப்பைப் பற்றி எழுதிய புத்தகம் வீடு வீடாகப் போனது, பிஷப்புகள் இளைஞர்கள் கையில் அதைக் கொடுத்தார்கள். 1970-களில் சபைக்குச் சொந்தமான பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஆண்களின் படங்களைக் காட்டி மின்சார அதிர்ச்சி கொடுத்துப் பரிசோதித்தார்கள். 1976-ல் அங்கே ஒரு முனைவர் பட்ட ஆய்வேடாகவே அது பதிவாகியிருக்கிறது.

இன்னொரு மருந்து கல்யாணம். ஒரு நல்ல பெண்ணைப் பார்த்துக் கட்டிக்கொள், எல்லாம் சரியாகிவிடும் என்று பிஷப்புகள் அறிவுரை சொன்னார்கள். அதன் பாரம் முன்பின் அறியாத பெண்களின் தலையில் விழுந்தது. மார்மன் கவிஞர் கேரல் லின் பியர்சனின் வாழ்க்கை இதற்குச் சாட்சி. அவரை மணந்த ஜெரால்ட், ஆண்களோடான தன் கடந்த காலத்தை அவரிடம் மறைக்கவில்லை. அது முடிந்த கதை என்று இருவருமே நம்பி ஆலயத்தில் மணந்தார்கள். நான்கு குழந்தைகள் பிறந்தன. முடிந்ததாக நம்பியது முடியவில்லை, பிரிந்தார்கள். பிறகு ஜெரால்டுக்கு எய்ட்ஸ் வந்தபோது கேரல் அவரைத் தன் வீட்டுக்கே அழைத்துவந்து, பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்துக்கொண்டார். 1984-ல் அந்த வீட்டிலேயே ஜெரால்டின் உயிர் பிரிந்தது. இரண்டு வருடம் கழித்து கேரல் இதைப் புத்தகமாக எழுதியபோது, எத்தனையோ மார்மன் மனைவிமார் தங்களுக்கு நடந்ததற்கு முதன்முதலாக ஒரு பெயர் கண்டார்கள். 1987-ல் சபைத் தலைமையிலிருந்த கார்டன் ஹிங்க்லி, திருமணத்தை இதற்குச் சிகிச்சையாகக் கருதக்கூடாது என்று பொது மாநாட்டில் வெளிப்படையாகச் சொன்னார். அதற்குள் எத்தனை குடும்பங்கள்!

அதே ஹிங்க்லி 1995 செப்டம்பரில் குடும்பத்தைப் பற்றிய பிரகடனத்தை வாசித்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவிலான திருமணம் கடவுள் விதித்தது, ஆண் பெண் என்பது பிறப்புக்கு முன்பும் இறப்புக்குப் பின்பும் மாறாத நித்திய அடையாளம் என்று அது சொல்கிறது. பிரேம் போட்டு மாட்டிய படமாக இதை எத்தனையோ மார்மன் வீடுகளின் கூடத்தில் பார்க்கலாம். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளும் முன்பே தனக்கு எதிரான வாக்கியங்களை அவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்குள் இருந்த விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது கலிபோர்னியா. 2000-ல் ஆண்-பெண் திருமணம் மட்டுமே செல்லும் என்ற வாக்கெடுப்புக்கு அங்கே சபை உறுப்பினர்கள் தீவிரமாக வேலை செய்துகொண்டிருந்தபோது, ஊழியம் முடித்தவரும் பிரிகாம் யங்கில் படித்தவருமான ஸ்டூவர்ட் மாட்டிஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 32. அதற்குச் சில நாள் முன்புவரை அவர் தன் மக்களிடம் புரிந்துகொள்ளச் சொல்லிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எட்டு வருடம் கழித்து, தன்பால் திருமணத்தைத் தடைசெய்யும் எட்டாம் முன்மொழிவு அங்கே வாக்கெடுப்புக்கு வந்தது. பணமும் நேரமும் கொடுத்து உதவச் சொல்லும் தலைமையின் கடிதம் 2008 ஜூன் மாதத்தில் கலிபோர்னியா சபைகளில் வாசிக்கப்பட்டது. நவம்பரில் 52 சதவீத வாக்கோடு அது நிறைவேறியது. தன் அப்பா அம்மா ஞாயிறு மாலை வீடு வீடாகப் போய், தனக்குக் கல்யாண உரிமை கூடாது என்று ஆதரவு திரட்டியதைப் பார்த்த பிள்ளைகள் உண்டு. பல குடும்பங்களில் அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

2015 நவம்பரில் வந்த விதி அதைவிட ஆழமாகக் குத்தியது. தன்பால் திருமணம் செய்தவர்கள் மதத் துரோகிகள் என்றது அது. அதோடு நிற்கவில்லை. அப்படிப்பட்ட தம்பதியோடு வாழும் குழந்தைக்கு எட்டு வயதில் ஞானஸ்நானம் கிடையாது. பதினெட்டு வயதாகி, அந்த வீட்டிலிருந்து வெளியேறி, பெற்றோரின் உறவு தவறு என்று மறுத்துச் சொன்ன பிறகுதான் கிடைக்கும். குடும்பம்தான் மோட்சம் என்று போதிக்கும் சபை ஒரு பிள்ளையிடம், உன் வீட்டை மறுத்துவிட்டு வா என்றது. சால்ட் லேக் சிட்டியில் பூங்காவில் வரிசையில் நின்று விலகல் கடிதத்தில் கையெழுத்திட்டவர்களில் நேர்பாலீர்ப்பு உள்ள பாட்டிகளும் தாத்தாக்களும் இருந்தார்கள். இந்த விதி கடவுளின் வெளிப்பாடு என்று அடுத்த ஜனவரியில் அப்போஸ்தலர் ரசல் நெல்சன் சொன்னார். 2019 ஏப்ரலில், அதே நெல்சன் தீர்க்கதரிசியாக இருக்கும்போது, விதி விலக்கிக்கொள்ளப்பட்டது. மூன்றரை வருடம்தான்.

இப்படி வந்தது போவதால்தான் நம்பிக்கையும் சாகாமல் இருக்கிறது. வெளிப்படுத்தல் நின்றுபோகவில்லை என்று முன்பு சொன்னேனே, அது இங்கேதான் வேலை செய்கிறது. பலதார மணத்தைக் கடவுள் கட்டளை என்று பிடித்துக்கொண்டிருந்த சபை 1890-ல் அதைக் கைவிட்டது. கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் இல்லை என்று ஒரு நூற்றாண்டுக்கு மேல் சொல்லிவந்தது 1978-ல் மாறியது. அந்த மாற்றத்தை அறிவித்த தீர்க்கதரிசி, 1969-ல் அந்தக் கடுமையான புத்தகத்தை எழுதிய கிம்பலேதான். "அது மாறியதென்றால் இதுவும் மாறும்" என்று பத்தொன்பது வயதில் ஒருவன் நினைப்பதில் என்ன தவறு? ஆனால் இந்தக் காத்திருப்பு இளமையைத் தின்கிறது. வெளியே போகவும் மனம் வராது, உள்ளே காதலிக்கவும் முடியாது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் பொது மாநாடு வரும்போதெல்லாம் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, இந்தத் தடவை ஏதாவது சொல்வார்களா என்று பார்ப்பதிலேயே வருடங்கள் போய்விடுகின்றன.

இந்தக் காத்திருப்பை இரண்டே வாரத்தில் காட்டிவிட்டது 2020. பிரொவோ நகரில் இருக்கும் பிரிகாம் யங் பல்கலையில் மாணவர்கள் நடத்தை விதியில் கையெழுத்திட்டுத்தான் சேர வேண்டும். காபி, மது, திருமணத்துக்கு முன் உடலுறவு எல்லாம் தடை. அந்தப் பிப்ரவரியில் விதியிலிருந்து தன்பால் நடத்தை பற்றிய பகுதி காணாமல் போனது. மற்ற ஜோடிகளைப் போலக் கைகோத்து நடக்கலாம் போலிருக்கிறதே என்று மாணவர்களுக்கு நம்பவே முடியவில்லை. சிலர் பிரிகாம் யங் சிலைக்கு முன்னாலேயே முத்தமிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். மார்ச் 4-ல் கடிதம் வந்தது: தன்பால் காதல் நடத்தை நித்தியத் திருமணத்துக்கு இட்டுச்செல்லாது, ஆகவே விதியின் கொள்கைக்கு ஒவ்வாது.

அந்தக் கடிதத்தில் கவனிக்க வேண்டிய சொல் காதல். விதி உடலுறவைப் பற்றியது மட்டுமென்றால் அது எல்லா மாணவருக்கும் பொது. ஆணும் பெண்ணுமாக இருக்கும் ஜோடி வளாகத்தில் கைகோக்கலாம், டேட்டிங் போகலாம், முத்தமும் கொடுக்கலாம். அவர்களை அப்படிச் செய்யச் சொல்லி உற்சாகப்படுத்துவார்கள், கல்யாணம் ஆக வேண்டுமே! இரண்டு பையன்கள் நூலகத்துக்கு வெளியே கைகோத்து நின்றால் அது மீறல். சரியாக ஒரு வருடம் கழித்து, 2021 மார்ச் 4 இரவு, வளாகத்துக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் பிரம்மாண்டமான வெள்ளை 'ஒய்' எழுத்தை மாணவர்கள் வானவில் நிற விளக்கால் ஒளிரவைத்தார்கள். பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. அந்த ஆகஸ்டிலேயே அப்போஸ்தலர் ஜெஃப்ரி ஹாலண்ட் அதே பல்கலைக்கு வந்து, ஆண்-பெண் திருமணக் கோட்பாட்டைக் காக்கப் பேராசிரியர்கள் துப்பாக்கி ஏந்தியவர்களைப் போல நிற்க வேண்டும் என்ற பொருள்படப் பேசினார். உவமைதான். ஆனால் தற்கொலை எண்ணத்தோடு போராடும் பிள்ளைகளின் காதுக்கும் போகும் பேச்சில் அந்த உவமை வேண்டியதில்லை.

சட்டத்தில் சபை நகர்ந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வேலையிலும் வாடகை வீட்டிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்ற 2015 யூட்டா சட்டத்தை ஆதரித்தது, தன்பால் திருமணத்தை அங்கீகரிக்கும் 2022 கூட்டாட்சிச் சட்டத்தையும் மத உரிமைப் பாதுகாப்போடு ஏற்றுக்கொண்டது. ஊரார் கல்யாணம் செய்துகொள்ளட்டும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. தன் பிள்ளை என்றால்தான் கதை வேறு.

ஆகவே இது கடைசியில் வீட்டுக்குள் தீர்மானமாகிற விஷயமாகவே இருக்கிறது. 2006-ல் அப்போஸ்தலர் டாலின் ஓக்ஸ் ஒரு நேர்காணலில் பெற்றோருக்குச் சொன்னார்: மகன் தன் துணையோடு வீட்டுக்கு வரக் கேட்டால், சில சூழ்நிலையில் வரச்சொல்லலாம். ஆனால் இரவு தங்குவதை எதிர்பார்க்காதே, நண்பர்களிடம் உங்களை அறிமுகம் செய்துவைப்போம் என்று எதிர்பார்க்காதே என்று சொல்லிவிடலாம். அதே நேர்காணலில் உடன் இருந்த இன்னொரு தலைவர், இந்த ஈர்ப்பு மறுமையில் இருக்காது என்றார். ஆறுதலாகச் சொன்னதுதான். செத்தால் சரியாகிவிடும் என்று ஒரு பதினாறு வயதுப் பையன் காதில் அது எப்படி விழும் என்பதை அவர் யோசித்திருக்க வேண்டும்.

2008-ல் அப்போஸ்தலரான டாட் கிறிஸ்டஃபர்சனின் வீட்டில் வேறு மாதிரி நடந்தது. அவருடைய தம்பி டாம் தன் துணைவரோடு ஏறக்குறைய இருபது வருடம் வாழ்ந்தார். பெற்றோரும் அண்ணன்மாரும் இருவரையும் குடும்பத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள், விடுமுறைக்கு வந்தால் இருவருக்கும் இடம் இருந்தது. பின்னாளில் டாம் துணைவரைப் பிரிந்து சபைக்குத் திரும்பினார். இதைச் சபை மகிழ்ச்சியாகச் சொல்கிறது. அந்த வீட்டின் அன்பு எனக்கும் பெரிதாகவே தெரிகிறது. ஆனாலும் படிக்கும்போதெல்லாம் அந்த இருபது வருடத்துத் துணைவரை நினைத்துக்கொள்கிறேன். இன்னொரு பக்கம் சார்லி பேர்ட். பிரிகாம் யங் பல்கலையின் சின்னமான பூமா விலங்காக வேடம் கட்டி அவர் ஆடிய ஆட்டம் 2017-ல் இணையத்தில் லட்சக்கணக்கானோர் பார்த்தது. முகமூடிக்குள் இருந்தவர் கே என்று 2019-ல் அவரே எழுதினார். பிறகு ஓர் ஆணை மணந்துகொண்டார்.

ஓக்ஸ் 2025 அக்டோபரில், 93 வயதில், சபையின் தீர்க்கதரிசியானார். அவர் 2006-ல் சொன்னது இன்னும் பலர் நினைவில் இருக்கிறது. நன்றி தெரிவித்தல் நாளுக்கு மகன் துணையோடு வருகிறான் என்றால், விருந்தினர் அறைக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டுவிட்டு, தலையணை ஒன்று வைப்பதா இரண்டு வைப்பதா என்று அந்த அம்மாதான் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.